ராடு ஒட்டுகிறதா, ஓட்டை விழுகிறதா: வீட்டு வெல்டிங்கில் கோளாறு பார்க்கும் வரிசை

திருச்சி திருவெறும்பூர் பக்கம் தெருவுக்கு ஒரு வெல்டராவது இருப்பார். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அப்படி ஒருவர்தான். பாய்லர் வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அண்ணன். இப்போது ஆறேழாயிரம் ரூபாய்க்கு இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் கிடைக்கிறது, பலர் வாங்கி மொட்டை மாடியில் வைத்துப் பழகுகிறார்கள். வாங்கிய நாலாம் நாள் என்னைத் தேடி வருவார்கள். "மெஷின் சரியில்லை போலிருக்கு" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். நான் போய்ப் பார்த்தவரை மெஷினில் உண்மையாகவே கோளாறு இருந்தது இரண்டே தடவை. மற்றதெல்லாம் எர்த் (மெஷினிலிருந்து வந்து இரும்பைக் கடிக்கும் கிளாம்ப்), துரு, ஈர ராடு (உருகிப் பற்றும் பூச்சுக் கம்பி), தப்பான ஆம்ப்ஸ் (கரண்ட் அளவு) இந்த நாலுக்குள் அடங்கிவிட்டது.

கீழே உள்ளது நான் பார்க்கும் வரிசை. காசு செலவில்லாதது முதலில், செலவு வைப்பது கடைசியில். 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸில் ஓடும் 200 ஆம்ப்ஸ் வரையிலான மெஷின், 6013 ரக ராடு, சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) இரும்பு, இவற்றுக்கு மட்டும்தான் இது. எதையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஆம்ப்ஸையும் ராடையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது, நாளைக்கு அதே கோளாறு மறுபடி வரும்.

ராடு ஜாபில் ஒட்டிக்கொள்கிறது

ஜாப் என்றால் பற்றவைக்கும் இரும்பு. ஒட்டிய ராடை எடுக்க ஹோல்டரை (ராடைக் கவ்வும் கைப்பிடி) இடமும் வலமுமாகச் சட்டென்று முறுக்குங்கள். வரவில்லையா, ஹோல்டர் பிடியை அழுத்தி ராடை விட்டுவிடுங்கள். அதுவரை ஷீல்டை முகத்திலிருந்து எடுக்காதீர்கள். ராடு விடுபடும் நொடியில் ஆர்க், அதாவது கண்ணைப் பறிக்கும் மின்பொறி, அடிக்கும். சிவந்து நிற்கும் ராடைக் கையுறையோடுகூடப் பிடிக்க வேண்டாம், ஆறியதும் சுத்தியலால் தட்டினால் விழுந்துவிடும்.

*எர்த்.* "தம்பி, ஆம்ப்ஸ் குமிழைத் தொடாதே, மொதல்ல எர்த்தைப் பாரு." அண்ணன் இதை என்னிடம் சொல்லாத நாளே கிடையாது. கிளாம்ப் கடிக்கும் இடத்தில் பெயின்ட்டோ துருவோ இருந்தால் கரண்ட் ஒழுங்காகப் போகாது. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்காவது பளபளவென்று கிரைண்ட் செய்து, அங்கே கிளாம்பை மாட்டுங்கள். மேசைக்காலில் மாட்டிவிட்டு ஜாபை மேசைமேல் சும்மா வைத்தால் போதாது, முடிந்தவரை ஜாபிலேயே மாட்டுங்கள். மெஷின் பக்கம் கேபிள் முனையை உள்ளே தள்ளி, வலப்புறம் திருகி, இறுகப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடம் வெல்டிங் செய்த பிறகு மெஷினை அணைத்துவிட்டு கிளாம்பின் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். நல்ல சூடு தெரிந்தால் தொடர்பு சரியில்லை. மெஷினோடு வரும் கிளாம்ப் பல சமயம் மெல்லிய தகடாக இருக்கும். செலவு செய்வதென்றால் முதல் செலவு கனமான கிளாம்ப்தான்.

*ராடின் நுனி.* பாதியில் அணைந்த ராடின் நுனியைக் கண்ணாடி மாதிரி கசடு (உருகி உறைந்த மேல்பூச்சு) மூடிக்கொள்ளும். ஆர்க் பிடிக்காததால் ஓங்கிக் குத்துவோம், கசடு உடைந்ததும் ராடு அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் நுனியைச் சிமென்ட் தரையில் லேசாகத் தட்டிவிட்டு ஆரம்பியுங்கள். குத்தாதீர்கள், தீக்குச்சி கிழிப்பதுபோல் இழுங்கள்.

*ஆம்ப்ஸ்.* கடையில் 12 கேஜ் என்று கேட்டு வாங்கும் 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 வரை, 75இல் ஆரம்பிக்கலாம். 10 கேஜ் என்னும் 3.15 மி.மீ. ராடுக்கு 90 முதல் 130 வரை, 110இல் ஆரம்பிக்கலாம். விலை குறைந்த மெஷின்களில் குமிழில் எழுதிய எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், ஐந்து ஐந்தாக ஏற்றிப் பாருங்கள்.

*ஈர ராடு.* ஐப்பசி மழையில் எங்கள் தெருப் பையன் ஒருவன் மூன்று நாள் போராடிவிட்டு வந்தான். எர்த் சுத்தமாக இருந்தது, ஆம்ப்ஸ் சரியாக இருந்தது. ராடுப் பாக்கெட் மட்டும் மாடிப்படி அடியில் வாய் பிரிந்து கிடந்தது. ஒரு ராடை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினேன். மேல்பூச்சில் உப்புப் பூத்த சுவர்போல வெள்ளைப் பொடி. பற்றவைத்தால் ஈரவிறகு மாதிரி வெடித்து வெடித்து எரிந்தது. என்னுடைய புதுப் பாக்கெட்டிலிருந்து ஒன்றை மாட்டினேன். குமிழைத் தொடவில்லை, முதல் இழுப்பிலேயே ஓடியது. ராடை மூடி இறுகிய டப்பாவில், உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். லேசாக ஈரம் பட்ட 6013ஐ 100 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஒரு மணி நேரம் காயவைத்தால் மீண்டுவிடும். சமையலுக்குப் பயன்படுத்தும் ஓவனில் மட்டும் வைக்காதீர்கள். பூச்சு உரிந்ததையும் வெள்ளை பூத்ததையும் குப்பையில் போடுங்கள், ஒரு பாக்கெட்டுக்காக மல்லுக்கட்ட வேண்டாம்.

*வீட்டு லைன்.* மிக்ஸிக்குப் போட்ட மெல்லிய எக்ஸ்டென்ஷனில் மெஷினை ஓட்டினால் ஆர்க் அடிக்கும்போது வோல்டேஜ் விழுந்துவிடும். குறைந்தது 2.5 சதுர மி.மீ. ஒயர் வேண்டும், அதையும் சுருளாக விடாமல் முழுக்க விரித்துவிடுங்கள். சுருண்டு கிடக்கும் ஒயர் சூடேறி உருகும்.

புது 2.5 ராடு, சுத்தமாகக் கிரைண்ட் செய்த 5 மி.மீ. ஃபிளாட் (பட்டை இரும்பு), நேரடியாக 16 ஆம்ப்ஸ் பிளக். மூன்றும் இருந்து, 90இல் வைத்தும் ஒட்டுகிறதா? இப்போது சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். மெஷினை நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும்.

ஆர்க் பிடிக்கிறது, ஆனால் அணைந்து அணைந்து போகிறது

பெரும்பாலும் கை மேலே போய்விடுகிறது. ராடு எரிய எரியக் குட்டையாகும், அதற்கு ஏற்பக் கை கீழே இறங்கிக்கொண்டே வர வேண்டும். ராடு முனைக்கும் ஜாபுக்கும் இடையே ராடின் தடிமன் அளவு, அதாவது இரண்டரை மூன்று மி.மீ., அதற்குமேல் கூடாது. காதால் கேட்டுப் பழகுங்கள். சரியான தூரத்தில் இருந்தால் எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோல் சீராகக் கேட்கும். தூரமாகிவிட்டால் 'ஹூ' என்ற சத்தம், கூடவே பொறி சிதறும்.

சிலருக்கு ஆர்க் ஒரே பக்கமாக ஓடும், குறிப்பாக மூலையில் அல்லது ஜாயின்ட் முடியும் இடத்தில். டி.சி. கரண்ட்டில் காந்த இழுப்பால் வருவது இது. எர்த் கிளாம்பை ஜாபின் மறுமுனைக்கு மாற்றுங்கள், ராடை நெருக்கிப் பிடியுங்கள், ஐந்து ஆம்ப்ஸ் குறையுங்கள். இதற்காக யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

பற்றவைத்தது அழகாக இருக்கிறது, தட்டினால் கழன்றுவிடுகிறது

இந்தப் பட்டியலிலேயே நான் அதிகம் பயப்படும் கோளாறு இது. மற்றவை கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது.

நான் முதலில் செய்தது ஒரு பூந்தொட்டி ஸ்டாண்ட். வரி வரியாக வெல்டிங் விழுந்திருந்தது, எல்லாருக்கும் காட்டினேன். மண் நிரப்பிய தொட்டியை வைத்த அன்று மாலையே ஒரு கால் பிரிந்து வந்தது. பிரிந்த இடத்தைப் பார்த்தேன். ஃபிளாட்டின் விளிம்பில் நான் ரம்பத்தால் அறுத்த கோடுகள்கூட அழியாமல் அப்படியே இருந்தன. இரும்பு உருகவே இல்லை, உருகிய ராடு மேலே வழிந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பார்க்க வேண்டியவை: ஜாயின்ட் சுத்தமாகக் கிரைண்ட் செய்ததா? ஆம்ப்ஸ் குறைவா? வரி மேடாக, கயிறு ஒட்டவைத்ததுபோல் ஓரங்களில் சேராமல் நின்றால் ஆம்ப்ஸ் குறைவு என்று அர்த்தம். ராடை கசடுக்கு முன்னால் வைத்து இழுக்கிறீர்களா, அல்லது தள்ளுகிறீர்களா? 6013ஐ நீங்கள் போகும் திசைப் பக்கம் 10, 15 டிகிரி சாய்த்துப் பிடித்து இழுக்க வேண்டும். 5 மி.மீ.க்கு மேல் கனமான இரும்பை விளிம்போடு விளிம்பு சேர்ப்பதாக இருந்தால் விளிம்பைச் சரிவாகக் கிரைண்ட் செய்து, இரண்டு மி.மீ. இடைவெளி விட்டுப் பற்றவையுங்கள். ஹோல்டர் கேபிளை மெஷினின் பிளஸில் மாட்டினால் கனமான இரும்பில் ஆழமாக இறங்கும், மைனஸில் மாட்டினால் மெல்லிய தகட்டுக்குப் பதமாக இருக்கும். 6013 இரண்டிலும் ஓடும்.

சோதனை ஒன்று சொல்கிறேன், ஒவ்வொரு வாரமும் செய்யுங்கள். இரண்டு துண்டு ஃபிளாட்டை 'ட' மாதிரி நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் வெல்டிங் செய்யுங்கள். ஆறியதும் வைஸில் (மேசையில் பூட்டிய பிடிகருவி) பிடித்து, வெல்டிங் செய்த பக்கமாகவே சுத்தியலால் அடித்துச் சாய்த்து மடக்குங்கள். மடங்கினால் நல்லது. உடைந்தால் உடைந்த வாயைப் பாருங்கள். பழைய விளிம்பு பளிச்சென்று தெரிந்தால் அந்தக் கையோடு கேட், ஸ்டாண்ட் எதையும் ஆரம்பிக்க வேண்டாம்.

மெல்லிய ட்யூபில் ஓட்டை விழுகிறது

ஷூ ரேக், கொசுவலை ஃபிரேம் செய்ய எல்லாரும் வாங்குவது 18 கேஜ் ஸ்கொயர் ட்யூப். அது 1.2 மி.மீ.தான். பழக ஏற்றது அதுவல்ல, ஆனால் விலை குறைவு என்பதால் அதில்தான் எல்லாரும் கை வைக்கிறார்கள். பழகுவதற்கு 5 மி.மீ. ஃபிளாட், அதன்பிறகு 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. ட்யூப், அப்புறம் இது.

செலவில்லாத மாற்றம் முதலில்: நீளமாக ஓட்டாதீர்கள். ஒரு புள்ளி வையுங்கள், ஆர்க்கை அணையுங்கள், ஷீல்டு வழியாகப் பார்த்தால் சிவப்பு மங்குவது தெரியும், அப்புறம் அதன் பாதிமேல் அடுத்த புள்ளி. அடுத்து இடைவெளி. ட்யூபைக் கோணலாக அறுத்தால் மூலையில் சந்து விழும், அந்தச் சந்தில்தான் ஓட்டை ஆரம்பிக்கும். திரும்ப அறுத்து நெருக்கமாக உட்காரவையுங்கள். சந்தை ராடால் நிரப்பிவிடலாம் என்று தோன்றும், மெல்லிய தகட்டில் அது நடக்காது. அதன்பிறகு ஹோல்டரை மைனஸுக்கு மாற்றி, 2.5 ராடுக்கு 50, 55 வரை இறக்குங்கள். அதிலும் ஆர்க் நிற்கவில்லை என்றால் 2 மி.மீ. ராடு வாங்குங்கள், 40 முதல் 60க்குள் ஓடும். கனமான துண்டோடு மெல்லியதைச் சேர்க்கும்போது ஆர்க்கை முக்கால்வாசி கனமானதன்மேலேயே காட்டுங்கள்.

விழுந்த ஓட்டையை அடைக்க: ஆறவிடுங்கள், பின்னால் ஒரு செம்புத் தகட்டையோ தடித்த அலுமினியத் துண்டையோ இறுகப் பிடித்து, ஓட்டையின் ஓரத்திலிருந்து புள்ளி புள்ளியாக உள்ளே வாருங்கள். கைவிரல் நுழையும் அளவு ஓட்டையானால் அந்தத் துண்டை வெட்டி எறிவதே மேல்.

நூறு ஜாயின்ட் உள்ள மெல்லிய வேலை கைவசம் இருந்தால் அதை மிக் மெஷின் (கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும் வெல்டிங் மெஷின்) வைத்திருக்கும் பட்டறையில் கொடுங்கள். அரை நாளில் முடித்துத் தருவார்கள்.

வெல்டிங்கில் பொடிப் பொடியாக ஓட்டை, நடுவே கசடு

தேன்கூடு மாதிரி துளைகள் இருந்தால் எண்ணெய், பெயின்ட், ஈரம் மூன்றில் ஒன்று. ஜாயின்டின் இருபுறமும் ஒரு அங்குலம் பளபளவென்று வரும்வரை கிரைண்ட் செய்யுங்கள், ராடை மாற்றிப் பாருங்கள். தூரம் தள்ளிப் பிடித்தாலும் துளை வரும். துளைமேல் இன்னொரு வரி ஓட்டி மறைக்காதீர்கள், கிரைண்ட் செய்து எடுத்துவிட்டுத்தான் மறுபடி.

கசடு உள்ளே மாட்டினால் முதல் வரியின் கசடைச் சரியாகத் தட்டவில்லை, அல்லது ஆம்ப்ஸ் குறைந்து கசடு ராடை முந்திக்கொண்டு ஓடுகிறது. சிப்பிங் சுத்தியல், அப்புறம் வயர் பிரஷ், அதன்பிறகுதான் அடுத்த வரி. தட்டும்போது சாதாரணக் கண்ணாடியாவது போட்டிருங்கள், சூடான கசடுத் துணுக்கு நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

ஓரத்தில் வாய்க்கால்போல் பள்ளம் விழுகிறதா? பத்து ஆம்ப்ஸ் குறைத்து, ஓரத்தில் அரை நொடி நின்று போங்கள்.

ஃபிரேம் முறுக்கிக்கொண்டது

வெல்டிங் ஆறும்போது இரும்பைத் தன் பக்கம் இழுக்கும், அதைத் தடுக்க முடியாது. நான்கு மூலையிலும் முதலில் சின்னதாக டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டிங்) வையுங்கள். மூலைக்கு மூலை குறுக்களவு எடுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அதன்பிறகு ஒரு மூலையை முடித்து அடுத்ததற்குப் போகாமல் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றவையுங்கள். கோணலான பிறகு என்றால், டேக் நிலையில் அறுத்துத் திருத்துவது ஐந்து நிமிட வேலை, முழு வெல்டிங் முடிந்துவிட்டால் அரை நாள்.

எம்.சி.பி. விழுகிறது, அல்லது மஞ்சள் விளக்கு எரிகிறது

மஞ்சள் விளக்கு என்றால் மெஷின் சூடாகிவிட்டது. சுவிட்சை அணைக்காதீர்கள், ஃபேன் ஓடட்டும், தானாக அணையும்வரை காத்திருங்கள். மெஷினில் டியூட்டி சைக்கிள் 60 சதவீதம் என்று எழுதியிருந்தால் அந்த ஆம்ப்ஸில் பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடம்தான் வேலை செய்யலாம். மாடியில் சித்திரை வெயிலில் அதைவிடக் குறைவாகவே தாங்கும். கிரைண்டிங் தூள் மெஷினுக்குள் போகாமல் தள்ளி வையுங்கள், இரும்புத்தூள் போர்டில் படிந்தால் செலவு பெரியது.

எம்.சி.பி., அதாவது கரண்ட் அதிகமானால் தானாக அணையும் சுவிட்ச், விழுவது வேறு. 80 ஆம்ப்ஸில் வெல்டிங் செய்யும்போது வீட்டு லைனில் 14 ஆம்ப்ஸ் வாக்கில் இழுக்கும், 120இல் 20ஐத் தாண்டிவிடும். அதனால் 16 ஆம்ப்ஸ் பிளக்கில் 2.5 ராடோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மோட்டார், ஏ.சி., கீசர் அந்த நேரத்தில் ஓட வேண்டாம். பெரிய எம்.சி.பி. மாற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சுவருக்குள் இருக்கும் ஒயர் அதே பழைய ஒயர்தான், அது எரியும். 3.15 ராடு ஓட்டியே ஆகவேண்டும் என்றால் மீட்டர் போர்டிலிருந்து தனி லைன் இழுக்க லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

சுருக்கென்று ஷாக் அடிக்கிறது

உடனே நிறுத்துங்கள். வேர்வையில் நனைந்த கையுறை, ஈரத்தரை, செருப்பு, இவைதான் பெரும்பாலும். ஆர்க் இல்லாதபோது ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் வரை இருக்கும், உலர்ந்த கைக்கு அது பெரும்பாலும் தெரியாது, நனைந்த உடம்பை அது விடாது. காய்ந்த தோல் கையுறை, ரப்பர் அடி ஷூ, காலடியில் காய்ந்த பலகை. ஹோல்டரின் இன்சுலேஷன் உடைந்திருந்தால் டேப் சுற்றாமல் புதிது வாங்குங்கள். மழைத் தூறலில் வெல்டிங்கே வேண்டாம்.

ஹோல்டரைத் தொடாமல் மெஷின் பெட்டியைத் தொட்டாலே அடிக்கிறது, அல்லது ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் அணையும் சுவிட்ச்) விழுகிறது என்றால் அன்றைக்கு வேலை முடிந்தது. வீட்டு எர்த்திங்கை எலெக்ட்ரீசியனும், மெஷினை சர்வீஸ்காரரும் பார்த்த பிறகுதான் மறுபடி.

ராத்திரி கண்ணில் மணல் போட்டதுபோல் உறுத்துகிறது

ஆர்க் வெளிச்சம் கண்ணில் பட்டு ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் இது தெரியும். கண்ணீர் வழியும், விளக்கைப் பார்க்க முடியாது. தாய்ப்பால் விடச் சொல்வார்கள், உருளைக்கிழங்கு வைத்துக் கட்டச் சொல்வார்கள். எதையும் கண்ணுக்குள் விட வேண்டாம். இருட்டறையில் கண்ணை மூடிப் படுங்கள், காலையில் கண் மருத்துவரிடம் போங்கள். பார்வை மங்கினால் அன்றிரவே போங்கள். மருந்துக்கடையில் கேட்டு மரத்துப்போகும் சொட்டுமருந்து வாங்கிப் போடாதீர்கள், அது கருவிழியைக் கெடுக்கும்.

ஷீல்டில் 10 அல்லது 11 எண் கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள். கேஸ் வெல்டிங் கண்ணாடி போதாது, கூலிங் கிளாஸ் எதற்கும் ஆகாது. பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் குழந்தைகளுக்கும் இது வரும். அவர்களைக் கீழே அனுப்பிவிட்டு ஆரம்பியுங்கள்.

சாயங்காலம் குளிர்காய்ச்சல், வாயில் உலோக ருசி வந்தால், பகலில் ஜி.ஐ. பைப்பில் வேலை செய்தீர்களா என்று யோசியுங்கள். அதன் துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகைதான் காரணம். பால் குடித்தால் புகை முறியும் என்பது உண்மையில்லை. ஜாயின்டின் இருபுறமும் இரண்டு அங்குலம் பூச்சைச் சுரண்டிவிட்டு, திறந்த வெளியில், காற்று பக்கவாட்டில் வீசும்படி நின்று செய்யுங்கள். காய்ச்சல் ஒரு நாளில் இறங்காவிட்டாலோ மூச்சு திணறினாலோ மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆரம்பத்தில் கை வைக்கவே கூடாதவை

பெட்ரோல் டேங்க், எண்ணெய் டிரம், மூடிய எந்தப் பாத்திரமும் கூடாது. கழுவிவிட்டோம் என்பது போதாது, உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். கேஸ் சிலிண்டர், பிரஷர் உள்ள எதுவும் கூடாது. வண்டிச் சேசிஸ், பால்கனிக் கைப்பிடி, மாடிப்படி, தண்ணீர் டேங்க் ஸ்டாண்ட், ஊஞ்சல் கொக்கி, இவற்றில் ஒரு ஜாயின்ட் விட்டால் ஆள் போய்விடும். வார்ப்பிரும்பும் பட்டா ஸ்பிரிங்கும் 6013இல் விரிசல் விடும், அவற்றுக்கு வேறு ராடும் வேறு பக்குவமும் வேண்டும்.

கைப்பிடி, ஸ்டாண்ட் மாதிரி வேலை வந்தால் நான் செய்வது இது: வீட்டிலேயே அளந்து, அறுத்து, கிரைண்ட் செய்து, டேக் மட்டும் வைத்துப் பட்டறைக்குத் தூக்கிப் போவேன். டேக்கை அவர்கள் ஒரு தடவை பார்த்து, சரியில்லாததை அறுத்துவிட்டு முழு வெல்டிங் செய்வார்கள். கூலியும் குறையும், பக்கத்தில் நின்று அவர்கள் கை எப்படிப் போகிறது என்றும் பார்க்கலாம். ஷீல்டை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.